தராசும் தனிம அட்டவணையும்

அறிமுக வேதியியல் பாடநூல்கள் பெரும்பாலும் அணுவில் தொடங்குகின்றன. நடுவே அணுக்கரு, சுற்றிலும் எலக்ட்ரான்கள், அதற்கடுத்துத் தனிம வரிசை அட்டவணை. அளவீடு என்னும் அத்தியாயம் அலகுகளும் முக்கிய எண்ணுருக்களுமாக முதல் சில பக்கங்களில் வந்து, தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவாக முடிந்துவிடும். கற்பிக்க இந்த ஒழுங்கு வசதியானதுதான். ஆனால் வரலாறு எதிர்த்திசையில் நடந்தது. முதலில் வந்தது தராசு. தராசு தந்த எண்களிலிருந்து அணு ஊகிக்கப்பட்டது. அணு எடைகளை வரிசைப்படுத்தியதில் அட்டவணை பிறந்தது. எலக்ட்ரானும் அணுக்கருவும் கடைசியில் வந்து சேர்ந்தன. மெண்டலீவ் தம் அட்டவணையை வெளியிட்டது 1869-இல். எலக்ட்ரான் கண்டறியப்பட்டது 1897-இல்.

இந்த அவையின் முன் வைக்கப்படும் கருத்து ஒன்றே. அணு என்ற கருத்தும் தனிம அட்டவணையும் எடைபோட்டுப் பெற்ற எண்களால் கட்டப்பட்டவை. அந்த எண்கள் எங்கே பொருந்த மறுத்தனவோ அங்கேதான் வேதியியல் வளர்ந்தது. பொருந்தாத எண் ஒன்று கிடைத்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். அளந்தது பிழையாக இருக்கலாம். அளவு சரியாக இருந்து, அதை வைத்துப் போட்ட கணக்கு பிழையாக இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, அடிப்படைக் கருத்திலேயே குறை இருக்கலாம். மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதற்கு நூறாண்டுக்கு மேல் நடந்த முயற்சியே கீழே ஏழு பகுதிகளாகச் சொல்லப்படுகிறது. அக்கால வேதியியலாளர் வழக்கப்படியே ‘எடை’ என்ற சொல் இங்கு நிறையைக் குறிக்கிறது.

1. வாயுவையும் சேர்த்து எடைபோடுதல்

பாரிஸ் நகரத்து அந்துவான் லவாசியே (1743–1794) அரசுக்காக வரி வசூலித்த குத்தகைக் குழுமத்தில் பங்குதாரர். அவரிடம் செல்வம் இருந்தது. மெக்னியே, ஃபோர்த்தென் என்னும் கருவிக் கலைஞர்களைக் கொண்டு அக்காலத்தின் மிக நுட்பமான தராசுகளைச் செய்வித்துக்கொண்டார். வினைக்கு முன்னும் பின்னும் எல்லாவற்றையும் எடைபோட வேண்டும், வாயுவையும் விடக்கூடாது என்பது அவர் நெறி. அவருக்கு முன்பும் எடைபோட்டவர்கள் உண்டு. ஆனால் திறந்த கலத்தில் எரித்துவிட்டு, பறந்துபோனதையும் காற்றிலிருந்து வந்து சேர்ந்ததையும் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். மரம் எரிந்தால் எடை குறைகிறது, உலோகம் சுட்டால் எடை கூடுகிறது என்ற முரண் அதனால்தான் நெடுநாள் நீடித்தது.

பாதரசத்தைக் கொண்டு அவர் செய்த சோதனை பாடநூல்களில் இடம்பெறுவது. அதன் எண்கள் இடம்பெறுவதில்லை. 50 கன அங்குலக் காற்றோடு தொடர்புடைய மூடிய கலத்தில் பாதரசம் 12 நாள் சூடாக்கப்பட்டது. காற்றின் பருமன் 42, 43 கன அங்குலமாகக் குறைந்தது. பாதரசத்தின் மேல் சிவப்புத் துகள் படிந்தது. அத்துகளில் 45 கிரெயின் (பழைய பிரெஞ்சு எடை) எடுத்து மேலும் கடுமையாகச் சூடாக்கியபோது 41½ கிரெயின் பாதரசம் திரும்பி வந்தது. கூடவே 7, 8 கன அங்குல வாயுவும் வெளிப்பட்டது. காற்றில் குறைந்த பருமனும் துகளிலிருந்து வெளிவந்த பருமனும் ஒத்துப்போயின. இன்றைய அணு நிறைகளைக் கொண்டு பார்த்தால் 45 கிரெயின் சிவப்புத் துகளில், அதாவது மெர்க்குரிக் ஆக்சைடில், பாதரசம் 41.7 கிரெயின் இருக்க வேண்டும். அணு நிறை என்ற பேச்சே எழாத காலத்தில் அவர் பெற்ற விடையில் பிழை அரை சதவீதத்துக்கும் குறைவு.

1789-இல் வெளிவந்த அவருடைய பாடநூலில் 33 எளிய பொருள்களின் பட்டியல் இருக்கிறது. எந்தப் பகுப்பாலும் மேற்கொண்டு பிரிக்க முடியாதது எதுவோ அதுவே தனிமம் என்ற வரையறை அதற்கு அடிப்படை. பட்டியலின் தொடக்கத்தில் ஒளியும் வெப்பமும் தனிமங்களாக நிற்கின்றன. சுண்ணாம்பும் மக்னீசியாவும் கூட உள்ளன. பின்னால் வந்தவர்கள் இவற்றை நீக்கினார்கள். வரையறையை நீக்க வேண்டிய தேவை வரவில்லை. சோதனை முன்னேற முன்னேறப் பட்டியல் மாறும் என்பதையே அந்த வரையறை ஏற்றுக்கொண்டிருந்தது.

2. விகிதத்திலிருந்து அணுவுக்கு

அடுத்த படியை ஜோசஃப் புரூஸ்ட் எடுத்துவைத்தார். சுரங்கத்தில் எடுத்த தாமிரக் கார்பனேட்டும் சோதனைச்சாலையில் செய்த தாமிரக் கார்பனேட்டும் எடை விகிதத்தில் ஒன்றே என்று காட்டினார். சேர்மத்தின் விகிதம் ஆக்கியவரையோ இடத்தையோ பொறுத்ததன்று.

மான்செஸ்டரில் ஆசிரியப் பணி செய்துவந்த ஜான் டால்டன் (1766–1844) இந்த விகிதங்களை வேறு கண்ணோடு பார்த்தார். கார்பனும் ஆக்சிசனும் சேர்ந்து இரண்டு வாயுக்களைத் தருகின்றன. குறிப்பிட்ட அளவு கார்பனோடு ஒன்றில் சேரும் ஆக்சிசனைப்போல மற்றதில் சேர்வது சரியாக இரு மடங்கு. ஒன்றரை மடங்கு, ஒன்றேமுக்கால் மடங்கு என்று இடைப்பட்டது எதுவும் கிடைப்பதில்லை. பொருள் தொடர்ச்சியானதாக இருந்தால் இப்படி முழு எண்ணாகத் தாவ வேண்டிய அவசியமே இல்லை. எண்ணத்தக்க துண்டுகளாக இருந்தால்தான் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்ற பேச்சு வரும். கிரேக்கத்திலும் இந்தியாவிலும் அணுக் கொள்கை பேசப்பட்டது டால்டனுக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பே. டால்டன் புதிதாகச் சேர்த்தது எடை: ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனக்கென ஓர் எடை உண்டு, அதை ஒப்பீட்டளவில் கணக்கிட முடியும். 1803-இல் முதல் பட்டியலைப் போட்டார். 1808-இல் நூலாக விரித்தார்.

அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நீரில் ஹைட்ரஜன் 1 பங்கு, ஆக்சிசன் 7 பங்கு என்று அவர் கொண்டார். உண்மை விகிதம் 1க்கு 8. இது அளவீட்டுப் பிழை. பின்னர் எளிதில் திருத்தப்பட்டது. அதைவிடக் கடினமானது கணக்கில் இருந்த பிழை. நீரின் மூலக்கூறில் எத்தனை ஹைட்ரஜன் அணுக்கள்? தராசு அதைச் சொல்லாது. மாற்றுச் சான்று இல்லாதவரை ஒன்றுக்கு ஒன்று என்றே கொள்வது என டால்டன் விதி வகுத்தார். அப்படியானால் ஆக்சிசனின் அணு எடை 8. நீரில் இரண்டு ஹைட்ரஜன் என்றால் 16. எடைபோட்டது துல்லியமாக இருந்தாலும் விடை பாதியாகிவிடும்.

3. கார்ல்ஸ்ரூ, 1860

இந்தச் சிக்கலுக்கு விடை சீக்கிரமே கிடைத்தது, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பருமன் ஹைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்சிசனும் சேர்ந்தே நீர் ஆகிறது என்று கே-லுசாக் காட்டினார். சம வெப்பநிலையிலும் சம அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்றும், ஹைட்ரஜன் போன்ற வாயுக்களில் அணுக்கள் இணைந்தே திரியும் என்றும் 1811-இல் அவகாட்ரோ எழுதினார். ஒரே வகை அணுக்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேரும் என்று கேட்டு அக்கால அறிஞர்கள் அதை ஒதுக்கினார்கள்.

விளைவு ஐம்பதாண்டுக் குழப்பம். ஒருவர் ஆக்சிசனை 8 என்றார், மற்றவர் 16 என்றார். அசெட்டிக் அமிலம் ஒன்றுக்கே வழக்கில் இருந்த 19 வாய்பாடுகளைக் கெக்குலே தம் பாடநூலில் அச்சிட்டுக் காட்டினார். அவருடைய முயற்சியால் 1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் கூடினார்கள். இத்தாலியரான கன்னிஸாரோ அவகாட்ரோவின் கருத்தைக் கொண்டு அணு எடைகளை முரணின்றி எப்படிப் பெறுவது என்று விளக்கினார். வாக்கெடுப்பால் எதுவும் முடிவாகவில்லை. கூட்டம் கலையும்போது அவர் தம் மாணவர்களுக்காக எழுதிய சிறு நூலை நண்பர் பவேசி எல்லோர் கையிலும் கொடுத்தனுப்பினார். அதைப் படித்துத் தெளிவு பெற்றவர்களில் இருவர், கூட்டத்துக்கு வந்திருந்த லோதர் மேயரும் திமீத்ரி மெண்டலீவும். தனிம அட்டவணையை நோக்கி நடந்த இருவரும் ஒரே அறையிலிருந்து, ஒரே எண்களை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள். அறிவியல் மாநாடுகளில் இதைவிடப் பயன் தந்தது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

4. அட்டவணையும் மூன்று பொருந்தா எண்களும்

தனிமங்களில் குடும்பங்கள் உண்டு என்பது முன்பே தெரிந்ததுதான். லித்தியம், சோடியம், பொட்டாசியம் போன்ற மும்மைகளை டோபரைனர் 1829-இல் காட்டினார். எடை வரிசையில் எட்டாவது தனிமம் முதலாவதை ஒத்திருக்கிறது என்று நியூலாந்து 1865-இல் சொன்னார்; பெயர்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீரா என்று கேட்டுக் கேலி செய்தார்கள்.

1869-இல் அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. அவற்றை மெண்டலீவ் அணு எடை வரிசையில் வைத்து, ஒத்த பண்புடையவை ஒரே குழுவில் வரும்படி அமைத்தார். எடையும் பண்பும் மோதிய இடங்களில் அவர் எடுத்த முடிவுகளே அவரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றன. மூன்று எடுத்துக்காட்டுகள் போதும். மேலே சொன்ன மூன்று காரணங்களுக்கும் ஒவ்வொன்று.

முதலாவது யுரேனியம். அதன் அணு எடை 120 என்று நம்பப்பட்டது. அப்படியானால் அது வெள்ளீயத்துக்கும் ஆன்டிமனிக்கும் நடுவில் வர வேண்டும். அங்கே காலியிடமும் இல்லை, ஒப்புமையும் இல்லை. எடைபோட்டதில் பிழை இருப்பதாக மெண்டலீவ் சொல்லவில்லை. ஆக்சைடில் எத்தனை ஆக்சிசன் என்ற கணக்கே தவறு, எடையை இரட்டித்து 240 என்று கொள்ள வேண்டும் என்றார். இன்றைய மதிப்பு 238.03.

இரண்டாவது காலியம். அலுமினியத்துக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே வர வேண்டிய தனிமத்துக்கு ‘ஏக அலுமினியம்’ என்று சமஸ்கிருத முன்னொட்டுச் சேர்த்து 1871-இல் பெயரிட்டிருந்தார், அடர்த்தி 5.9 அளவில் இருக்கும் என்றும் எழுதினார். 1875-இல் பிரான்சின் லகோக் துவபோத்ரான் பிரெனீஸ் மலைத் துத்தநாகத் தாதுவில் புதிய தனிமத்தை நிறமாலை வழியாகக் கண்டார். அவர் அளந்த அடர்த்தி 4.7. பொருளைக் கண்ணால் பாராத மெண்டலீவ், கையில் வைத்திருந்தவருக்குக் கடிதம் எழுதினார்: மாதிரி தூய்மையாக இல்லை, மறுபடி அளக்கவும். தூய்மைப்படுத்தி அளந்தபோது கிடைத்தது 5.9. அளவீடு தவறியிருந்தது. (அதே 1875-இல்தான் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் தமிழில் அச்சேறியது. தமிழில் வேதியியல் படித்த முதல் தலைமுறையும் காலியமும் ஒரே வயதினர்.)

மூன்றாவது டெலூரியம். பண்பின்படி அது அயோடினுக்கு முன்னால் வர வேண்டும். எடையின்படி பின்னால். மெண்டலீவ் பண்பைப் பின்பற்றி முன்னால் வைத்தார். அளந்தவர்கள் தவறிவிட்டார்கள், டெலூரியத்தின் எடை 123க்கும் 126க்கும் இடையில்தான் இருக்கும் என்று எழுதினார். அவருடைய நண்பர் பிரௌனர் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அளந்தார். எண் இறங்கவே இல்லை. இன்றைய மதிப்பு டெலூரியம் 127.60, அயோடின் 126.90. இங்கே அளவீடும் சரி, கணக்கும் சரி. அணு எடையே தனிமங்களின் வரிசையைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தில்தான் குறை. இடத்தைச் சரியாக வைத்த மெண்டலீவ், காரணத்தைத் தவறாகச் சொன்னார். வெற்றி பெற்ற முன்கணிப்புகளை மட்டும் அடுக்கும் பாடநூல்கள் இதை விட்டுவிடுகின்றன. அவருடைய பெருமைக்கு இது குறைவில்லை. அட்டவணையைப் புரிந்துகொள்ள இதுவும் வேண்டும்.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. 1893 முதல் 1907-இல் இறக்கும்வரை மெண்டலீவ் ரஷ்யாவின் எடை அளவுகளுக்கான தலைமை நிலையத்தை நடத்தினார். லவாசியேயும் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து எடை அளவுக் குழுவில் இருந்து, நீரின் எடையை அளந்து கிராமை வரையறுக்கும் பணியில் ஈடுபட்டவர். தனிமத்துக்கு வரையறை தந்தவரும் அதற்கு அட்டவணை தந்தவரும் எடைக்கல்லைச் சரிபார்க்கும் வேலையைத் தங்கள் தகுதிக்குக் குறைவென்று நினைக்கவில்லை.

5. பதினொரு மில்லிகிராம்

அளவீட்டின் வலிமையை அறிய ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் பார்க்கலாம் என்றால் இதைப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் ராலே பிரபு இயற்பியலர். வாயுக்களின் அடர்த்தியைத் துல்லியமாக அளப்பதில் பல ஆண்டுகள் செலவிட்டார். இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவான கண்ணாடிக் கோளத்தை வெற்றிடமாக்கி எடைபோட வேண்டும். வாயுவை நிரப்பி மறுபடி எடைபோட வேண்டும். வித்தியாசம் வாயுவின் எடை. கேட்க எளிது. கோளத்தைச் சுற்றியுள்ள காற்று அதை மேலே தூக்குகிறது. அறையின் வெப்பமும் காற்றழுத்தமும் மாற மாற அந்தத் தூக்கலும் மாறும். எனவே தராசின் மறுபுறத்தில் ஏறக்குறைய அதே பருமனுள்ள இன்னொரு கோளம் தொங்கவிடப்பட்டது. அதோடும் முடியவில்லை. வெற்றிடமாக்கிய கோளம் வெளிக்காற்றின் அழுத்தத்தால் துளியளவு சுருங்குகிறது. சுருங்கினால் தூக்கல் குறையும். முன்னால் அளந்தவர்கள் கவனிக்காத இந்தச் சுருக்கத்துக்கும் ராலே திருத்தம் போட்டார்.

நைட்ரஜனை அளந்தபோது சிக்கல் வந்தது. காற்றிலிருந்து ஆக்சிசனை நீக்கிப் பெற்ற நைட்ரஜனும், அம்மோனியாவின் உதவியோடு பெற்ற நைட்ரஜனும் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபட்டன. பலர் இதைச் சோதனைப் பிழை என்று சராசரி எடுத்து முடித்திருப்பார்கள். ராலே செய்தது நேர்மாறானது: வேறுபாட்டைப் பெரிதாக்க முயன்றார். அம்மோனியா முறையில் காற்றைச் செலுத்தியதால் கிடைத்த நைட்ரஜனில் ஏழில் ஒரு பங்குதான் அம்மோனியாவிலிருந்து வந்தது, மீதி காற்றிலிருந்தே. காற்றுக்குப் பதில் தூய ஆக்சிசனைச் செலுத்தி, முழு நைட்ரஜனும் அம்மோனியாவிலிருந்தே வரும்படி செய்தார். வேறுபாடு இருநூறில் ஒரு பங்காக வளர்ந்தது. பிழை என்றால் இப்படி ஒழுங்காக வளராது.

1892-இல் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதி வேதியியலாளர்களிடம் விளக்கம் கேட்டார். பிறகு நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, அம்மோனியம் நைட்ரைட்டு என்று வேறு வேறு சேர்மங்களிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து அளந்தார். சேர்மங்களிலிருந்து வந்ததெல்லாம் கோளத்தில் 2.299 கிராமை ஒட்டி நின்றது. காற்றிலிருந்து வந்ததெல்லாம் 2.310 கிராமை ஒட்டி நின்றது. நடுவில் எதுவும் இல்லை. வித்தியாசம் ஏறத்தாழ 11 மில்லிகிராம்.

வேதியியலாளர் வில்லியம் ராம்சே காற்றின் நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தி உறிஞ்சச் செய்தார். கடைசியில் எதனோடும் சேராத ஒரு வாயு எஞ்சியது. அதன் நிறமாலை அறியப்பட்ட எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை. 1894-இல் இருவரும் ஆர்கானை அறிவித்தார்கள். காற்றில் அது 0.93 சதவீதம், கரியமில வாயுவைவிட இருபது மடங்குக்கும் மேல். நூறாண்டு முன்பே, 1785-இல், கேவண்டிஷ் காற்றின் நைட்ரஜனை மின்பொறியால் நீக்கிப் பார்த்து, 120-இல் ஒரு பங்குக்கு மேற்படாத சிறு குமிழி எஞ்சுவதைக் குறித்து வைத்திருந்தார். அந்தக் குமிழி ஆர்கான்தான்.

அட்டவணையில் அதற்கு இடமில்லை. ஒரு குழுவே விடுபட்டிருந்தது. அதனால் மெண்டலீவே முதலில் நம்பவில்லை; மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்றார். 1895-இல் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து ஹீலியத்தைப் பிரித்தார். சூரிய ஒளியில் அதன் மஞ்சள் கோடு 1868-ஆம் ஆண்டிலேயே பேசப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தை, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலர் ழான்சென் நிறமாலைக் கருவியோடு நோக்கியதிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. 1898-இல் நியான், கிரிப்டான், செனான் மூன்றும் கிடைத்தன. புதிய குழு அட்டவணையின் ஓரத்தில் எந்தத் தனிமத்தையும் இடம்பெயர்க்காமல் அமர்ந்தது. மெண்டலீவும் பின்னர் ஏற்றுக்கொண்டார்.

6. எண்ணால் வந்த வரிசை

ஆர்கான் தீராத வழக்கு ஒன்றையும் கூடவே கொண்டுவந்தது. அதன் எடை 39.95; அடுத்து வர வேண்டிய பொட்டாசியத்தின் எடை 39.10. டெலூரியம்–அயோடின் இணையோடும், அதேபோல எடையும் பண்பும் மோதும் கோபால்ட்–நிக்கல் இணையோடும் சேர்த்து இது மூன்றாவது முரண்.

தீர்ப்பு 1913-இல் வந்தது. 26 வயதான ஹென்றி மோஸ்லி தனிமங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் சீரான படிகளாக ஏறியது. அந்தப் படியின் எண்ணே அணுக்கருவின் மின்சுமை. அதுவே அணு எண். ஆர்கான் 18, பொட்டாசியம் 19; கோபால்ட் 27, நிக்கல் 28; டெலூரியம் 52, அயோடின் 53. மூன்று முரண்களும் ஒரேயடியாக மறைந்தன. காலியிடம் எத்தனை என்பதையும் இனி ஊகிக்க வேண்டியதில்லை. 43, 61, 75 ஆகிய எண்களுக்கு உரியவை இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்ல முடிந்தது. 1915 ஆகஸ்டில் கலிப்போலிப் போர்முனையில் மோஸ்லி கொல்லப்பட்டார்.

7. ஈயத்தின் எடை, கிலோகிராமின் எடை

அணு எண் வரிசையைத் தீர்த்துவைத்தது; எடை ஏன் முழு எண்ணாக இல்லை என்ற கேள்வி எஞ்சியது. குளோரினின் 35.45 எந்த முழு எண்ணுக்கும் அருகில் இல்லை. ஒரே தனிமத்தின் அணுக்கள் வேறு வேறு எடையில் இருக்கலாம், வேதிப் பண்பில் வேறுபாடு தெரியாது என்று வேதியியலாளர் சாடி 1913-இல் சொல்லி, அவற்றுக்கு ஐசோடோப்பு என்று பெயரிட்டார். இரண்டு ரக நெல் கலந்த மூட்டையில் ஒரு மணியின் சராசரி எடை எந்த ரகத்தின் எடையாகவும் இராது, குளோரினும் அப்படியே. 35 எடையுள்ளவை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, 37 எடையுள்ளவை மீதி. ஆஸ்டன் தம் நிறைமாலைக் கருவியால் 1919 முதல் இவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டினார்.

அதற்கு முன்பே தராசு சாட்சி சொல்லிவிட்டது. கதிரியக்கச் சிதைவில் யுரேனியமும் தோரியமும் கடைசியில் ஈயமாகின்றன. சாடியின் கருத்துப்படி இரண்டு ஈயங்களும் எடையில் வேறுபட வேண்டும். தோரியம் மிகுந்த தாது இலங்கையில் கிடைத்தது. அங்கே கனிம ஆய்வுப் பணியில் இருந்த ஆனந்த குமாரசாமி, பின்னாளில் கலை வரலாற்று அறிஞராகப் புகழ்பெற்றவர், தோரியனைட்டு என்னும் புதிய கனிமத்தை 1904-ஐ ஒட்டிக் கண்டறிந்தவர். இலங்கையின் மற்றொரு தோரியக் கனிமமான தோரைட்டிலிருந்து பிரித்த ஈயத்தைச் சாடி ஆராய்ந்தார். சாதாரண ஈயத்தின் அணு எடை 207.2, இலங்கைத் தாதுவின் ஈயம் 207.7-ஐத் தாண்டியது. அமெரிக்காவின் ரிச்சர்ட்ஸ் 1914-இல் யுரேனியத் தாதுக்களின் ஈயத்தை அளந்து, அது சாதாரண ஈயத்தைவிடக் குறைவு என்று காட்டினார். ஒரே உலோகம், ஒரே வேதிப் பண்பு, மூன்று எடை. அணு எடை என்பது இயற்கையின் மாறிலி என்று நூறாண்டு நம்பியது தவறென்று இப்படித் தெளிவானது. பல தனிமங்களின் சராசரி எடை, மாதிரி எடுத்த இடத்தைப் பொறுத்தது. பன்னாட்டு வேதியியல் சங்கம் இன்று ஈயத்துக்குத் தருவது ஓர் எல்லை வரம்பு: 206.14 முதல் 207.94 வரை.

எடைபோட எடைக்கல் வேண்டும். 1889 முதல் உலகின் கிலோகிராம், பாரிஸ் அருகே செவ்ரில் காக்கப்பட்ட பிளாட்டினம்–இரிடியம் உருளை. நூறாண்டில் அதற்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு தோன்றியது. எது கூடியது, எது குறைந்தது என்று கேட்கவே வழியில்லை. அன்றைய வரையறைப்படி செவ்ரில் இருந்தது எப்போதும் ஒரு கிலோகிராம்தான். 2019 மே 20 முதல் அந்த உருளை ஓய்வு பெற்றது. கிலோகிராம் பிளாங்க் மாறிலியின் வழியாகவும், மோல் 6.02214076 × 10²³ என்ற எண்ணிக்கையாகவும் வரையறுக்கப்படுகின்றன. சிலிக்கன்-28 அணுக்களால் ஆன, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ள கோளங்களில் அணுக்களை எண்ணியே அந்த எண் உறுதி செய்யப்பட்டது. 1908-ஐ ஒட்டி நீரில் மிதந்த நுண்துகள்களின் ஆட்டத்திலிருந்து இயற்பியலர் பெரின் அந்த எண்ணுக்குப் பெற்ற மதிப்பு 6.5 × 10²³-க்கும் 7.2 × 10²³-க்கும் இடைப்பட்டது, இன்று ஒன்பது இலக்கங்கள் நிலையாக நிற்கின்றன. ஒரு சொட்டு நீரில், அதாவது 0.05 மில்லிலிட்டரில், சுமார் 1.7 × 10²¹ மூலக்கூறுகள் என்று இன்று தயங்காமல் சொல்ல முடிவது இந்த வரலாற்றால்தான்.

முக்கிய எண்ணுருக்கள் என்ற பாடத்தின் பொருளும் இதிலிருந்தே விளங்கும். ஒரு நைட்ரஜனை 2.3 கிராம் என்றும் மற்றொன்றை 2.3 கிராம் என்றும் எழுதியிருந்தால் ஆர்கான் இல்லை. 2.299, 2.310 என்று எழுதத் தகுதியான தராசு இருந்ததால் ஆர்கான் கிடைத்தது. அதே வேளையில், அளவி காட்டாத இலக்கத்தை எழுதுவது இல்லாத தனிமத்தைக் கண்டதாகச் சொல்வதற்குச் சமம். பள்ளியின் பருமனறி பகுப்பாய்வில் மாணவர் பியூரெட்டைப் படித்து மூன்று முறை எழுதுகிறார். 24.3, 24.3, 24.5 என்று வந்தால், ஒத்த அளவீடு கேட்கும் பதிவேட்டுக்காக மூன்றாவதையும் 24.3 ஆக்கிவிடும் பழக்கம் நம் ஆய்வுக்கூடங்களில் பரவலாக இருக்கிறது. மதிப்பெண் விதியே அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தருகிறது. செய்முறைத் தேர்வுகளை வகுப்போருக்கு இந்த அவையின் வாயிலாக ஒரு வேண்டுகோள்: வந்த எண்ணை வந்தபடி எழுதி, வேறுபாட்டுக்கு ஏற்கத்தக்க காரணம் காட்டும் மாணவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும்படி விதியை மாற்றுங்கள்.